உகந்தை மலையடியில்

கதிர்காமம் போவதற்கு இன்று வழிகள் பல. கொழும்பில் பஸ் ஏறினால் ஒரு பகற்பொழுதிற் போய்ச் சேரலாம். சொந்த வண்டி உடையோர் விடியலிற் புறப்பட்டு மாலைப் பூசைக்கு அங்கே நிற்கின்றனர். எனினும், யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலை வணங்கிப் புறப்பட்டு, கிழக்குக் கடலை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்நடையாகவே சென்று கதிர்காமக் கொடியேற்றத்தைக் காணும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. ஏழு மாவட்டங்களின் மண்ணை மிதித்துச் செல்லும் அந்நடைக்கு ஆறு ஏழு வாரங்கள் வேண்டும்.

இவ்வழக்கம் இடையறாது வந்ததென்று சொல்வதற்கில்லை. 1983 ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் வடக்குக் கிழக்குப் பாதைகள் யாவும் போரின் பாதைகளாயின. காவலரண்களும் கண்ணிவெடிகளும் கிடந்த மண்ணில் வேலேந்தி நடப்பார் யார்? 1972 ஆம் ஆண்டில் இவ்வழியே நடந்து பழகிய பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்கரும் அடியார் சிலரும் முயன்று 1988 இல் நடையை மீண்டும் தொடக்கி வைத்தனர். ஆயினும், யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையாகத் தம் ஊர்க்கோயில் வாசலிலிருந்தே புறப்படும் காலம் 2009 இற் போர் முடிந்த பின்னரே வந்தது. எங்கள் தலைமுறையில் பலருக்கு, சிறுவயதிற் கேட்ட கதையொன்றை நரைத்த பின்னர் நடந்து பார்க்கும் வாய்ப்பாக அது அமைந்தது.

2024 ஆம் ஆண்டு நாங்கள் கணவனும் மனைவியுமாக அந்த நடையை மேற்கொண்டோம். நேர்த்தி யாதென்று வழியிற் கேட்டவர் பலர். அதைச் சொல்லிவிட்டாற் பாதி பலன் போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே இங்கும் சொல்லாது விடுகின்றோம். வீட்டிலே எம் தாயாரையும், பல்கலைக்கழகத்திற் படிக்கும் மகளையும், பதினான்கு வயது மகனையும், அவர்களுக்குத் துணையாக எம் தம்பியையும் விட்டுவிட்டு, இரண்டு பைகளோடும் இரண்டு ஊன்றுகோல்களோடும் புறப்பட்டோம்.

வழிநெடுகக் கண்டவற்றையெல்லாம் எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் வாசலிற் பொங்கற் புகை மணம், கொக்கிளாய்க் கரையின் உப்புக்காற்று, திருக்கோணமலையின் பாறைமேல் நின்று கண்ட கடல், வெருகலாற்றங்கரையிற் சித்திரவேலாயுதர் சந்நிதியில் உறங்கிய இரவு, மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம், மண்டூர், திருக்கோவில் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பின்னே மறைந்தன. கோயில் மண்டபங்களிலும் பாடசாலை விறாந்தைகளிலும் படுத்தெழுந்தோம். முன்பின் அறியாத பெண்கள் படலை திறந்து வந்து மோரும் கஞ்சியும் தந்தனர். முஸ்லிம் மக்களின் ஊர்களிலும் கடைவாசலிற் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு எங்களை மறித்து நின்றவர்கள் இருந்தனர். கிழக்கிலங்கையின் விருந்தோம்பலைப் பற்றி ஏட்டிற் படிப்பது வேறு. கால் கொப்பளித்த நாளிற் கையில் வாங்கிக் குடிப்பது வேறு.

ஒன்றை மாத்திரம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்நடையிற் சேர்ந்தவர் யாவரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். ஆசிரியர், மீனவர், மேசன், கைம்பெண், கடன்பட்டவர், கடன் கொடுத்தவர் யாவரும் சாமியே. வேல் ஏந்தி முன்னே செல்பவர் வேற்சாமி. சமையலுக்கு விறகு தேடுபவர் விறகுச்சாமி. எங்கள் கூட்டத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். நான்காம் வாரம் ஆகும்போது ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரியும். முல்லைத்தீவிலிருந்து வந்த மீனவச் சாமிக்கு இரவில் இருமல் வந்தால் யார் எழுந்து சுடுநீர் கொடுப்பது என்பதைக்கூட யாரும் சொல்லாமலே நாங்கள் பிரித்துக்கொண்டோம். கணவன் மனைவி என்ற எண்ணமே எங்களுக்கு ஓரளவு மங்கிப் போயிற்று. இருவரும் கூட்டத்தில் இரண்டு சாமிகள், அவ்வளவே. வீட்டை நினையாத நாள்களும் வந்தன. இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆயின் நீண்ட நடையின் இயல்பு அது.

இத்தகைய நிலையில் இருப்பவரை, அவர்தம் குடும்பம் வந்து சந்திக்கும் இடம் உகந்தை.

உகந்தையிற் சந்திப்பது என்பது யாரும் விதித்த விதியன்று. நிலம் விதித்த விதி. பொத்துவிலிலிருந்து தெற்கே பாணமை என்னும் ஊர்வரை வயல்களும் வீடுகளும் உண்டு. தமிழும் சிங்களமும் ஒரே வீட்டிற் பேசப்படும் பழைய ஊர் அது. பாணமைக்கு அப்பாற் குடிகள் அருகிப் போக, மணற்பாங்கான பாதை உகந்தைக் கோயிலின் முன்னே வந்து நிற்கிறது. அதற்கப்பாற் குமண தேசிய வனம். 1970 இல் வனமாகி, நெடுங்காலம் யால கிழக்கு என்ற பெயரோடிருந்து, 2006 இல் இப்பெயரைப் பெற்றது. போர்க்காலத்தில், 1985 முதல் 2003 வரை, அது மூடியே கிடந்தது. இப்போதும் ஆண்டில் ஒரு முறை, கொடியேற்றத்தை ஒட்டிய சில நாள்களுக்கே நடையாத்திரிகருக்கு அதன் வாயில் திறக்கப்படும். உள்ளே நுழைந்தால் ஐந்து ஆறு நாள்களுக்குக் கடையுமில்லை, வீடுமில்லை. ஆதலால் அரிசி, பருப்பு, அவல், மருந்து யாவற்றையும் உகந்தையிலேயே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். காலில் வலு இல்லாதவர் இவ்விடத்திலிருந்தே திரும்ப வேண்டும். வீட்டார் பஸ்ஸில் வரக்கூடிய கடைசி இடமும் இதுவே. ஆகவே, வாயில் திறக்கும் நாளுக்கு முன்னிரண்டு நாள்களில் யாழ்ப்பாணம், திருக்கோணமலை, மட்டக்களப்பு என்று திக்குத்திக்காக வரும் பஸ்களும் வான்களும் இங்கே வந்து மனிதரையும் மூட்டைகளையும் இறக்குகின்றன. தந்தையைத் தேடும் பிள்ளைகள், மகளைத் தேடும் தாய்மார், ‘எங்கடை ஆள் வந்திட்டாரோ’ என்று ஒவ்வொரு மரத்தடியாகக் கேட்டுத் திரியும் மூதாட்டிகள் என அந்தச் சிறிய கோயிலடி ஒரு பெருநகரின் புகைவண்டி நிலையம்போல் ஆகிவிடுகின்றது.

இடமோ அழகிற் குறைந்ததன்று. கடலோரமாகக் கரும்பாறைகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோற் கிடக்கின்றன. முருகன் வள்ளியோடு கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் இதுவென்பது ஐதிகம். கரையிலுள்ள பாறைகளைக் காட்டி, இதுவே அவ்வோடம் என்பர். கோயிலையடுத்த மலைமேல் ஏறினாற் பாறைக்குழிவுகளில் மழைநீர் தேங்கிய சுனைகள் பல. அங்கிருந்து கிழக்கே நோக்கினால் வெண்மணலும் நீலக்கடலும், தெற்கே நோக்கினாற் கண்ணுக்கெட்டிய தூரம் காடும். அவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய கோடாக ஒரு பாதை செல்கின்றது. எத்தனையோ தலைமுறை நடந்த பாதை. மலைமேலிருந்து பார்க்கையில் ஆட்டுக்குட்டி ஒன்று மேய்ந்து போன தடம்போலவே தோன்றுகின்றது. (அண்மைக்காலத்தில் இவ்விடத்தில் ஒலிபெருக்கியும் பிளாத்திக்குப் பைகளும் பெருகிவிட்டன. முருகன் அவ்வோடத்திலேயே திரும்பிப் போய்விடாதிருக்க வேண்டும்.)

நாங்கள் ஆனி மாதத்து நடுப்பகுதியில், ஒரு முற்பகலில் உகந்தையை அடைந்தோம். வீட்டார் மறுநாள் வருவதாக ஏற்பாடு. எங்கள் தொலைபேசி இரண்டு நாளாகப் பேச்சற்றுக் கிடந்தது. ஆகவே எந்த நேரம், எந்த வண்டி என்பது தெரியாது. வெளியே காட்டிக்கொள்ளவில்லையாயினும், எம் மனைவி அன்று மாலை சுனையிற் குளித்து, சேலையைக் கசக்கி உலர்த்தி, தலையைச் சிக்கெடுத்து முடிந்துகொண்டதைக் கண்டோம். ஏழு வாரத்தில் அவ்வாறு அவர் செய்தது அதுவே முதன்முறை.

மறுநாள் பகல் பஸ் வந்தது. முதலில் இறங்கியவன் மகன். நாங்கள் எழுந்து நின்றோம். அவன் எங்களை ஒரு முறை பார்த்தான். பார்த்துவிட்டு எங்களைக் கடந்து அடுத்த மரத்தடிக்குப் போனான்! வெயிலிற் கருகி, மெலிந்து, ஒருவர் தாடியும் மற்றவர் காவிச்சேலையுமாக நின்றவர்களை அவன் யாரோ சாமிகள் என்று எண்ணிவிட்டான். “தம்பி” என்று தாய் அழைத்த குரலே அவனைத் திருப்பியது. திரும்பியவன் ஓடி வரவில்லை. சற்றுத் தயங்கி நின்று, எங்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பித்தவெடிப்பும் கொப்பள வடுக்களுமாக இருந்த அப்பாதங்களைத் தொட்டுப் பார்த்த பின்னரே தாயின் மடியில் முகத்தை வைத்தான். மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு துவாயை நனைத்து வந்து தாயின் கால்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

மூட்டைகள் அவிழ்ந்தன. எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம், பனாட்டு, புழுக்கொடியல், வீட்டு மிளகாய்த்தூள், மோர்மிளகாய் யாவும் வாழையிலையிற் பரவின. இங்கே ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். உகந்தையிற் குடும்பம் கொண்டுவந்த உணவைக் குடும்பத்தோடு மட்டும் உண்பது கிடையாது. ஏனெனில் ஒவ்வொரு கூட்டத்திலும் யாரும் தேடி வராத சிலர் இருப்பர். எங்கள் கூட்டத்தில் அப்படி இரண்டு மூதாட்டிகள் இருந்தனர். ஒருவரின் மக்கள் கனடாவில். மற்றவரின் மக்கள் 2009 இன் பின்னர் எங்கும் இல்லை. பஸ்கள் வரும்போதெல்லாம் இருவரும் கடற்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ள துணிகளை மீண்டும் மீண்டும் மடித்துக்கொண்டிருப்பர். எம் தாயார் வந்திறங்கிய சில நிமிடத்திலேயே இதைக் கண்டுகொண்டார். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்த முதல் இரண்டு பணியாரத்தையும் கொண்டுபோய் அவ்விருவர் கையிலும் வைத்துவிட்டு, அவர்கள் அருகிலேயே உட்கார்ந்து ஊர் விசாரிக்கத் தொடங்கினார்.

அதுவரை யாவும் நாங்கள் எண்ணியபடியே நடந்தது. ஏற்பாடும் எளியது: அன்றிரவு யாவரும் உகந்தையிற் தங்குவது, விடியலில் நாங்கள் கூட்டத்தோடு காட்டுக்குள் நுழைவது, வீட்டார் பஸ்ஸில் ஏறிப் பொத்துவில், சியம்பலாண்டுவை, மொனறாகலை, புத்தளை வழியாகச் சுற்றிக் கதிர்காமம் சேர்ந்து எங்களை எதிர்கொள்வது.

பொழுதுபடும் வேளையில் எம் தாயார் தாம் தலைக்கணையாக வைத்திருந்த சிறு பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே ஒரு மாற்றுச்சேலை, ஒரு செம்பு, ஒரு சுருங்கிய துணிப்பையில் அவல், திருநீற்றுப் பை, முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்.

“தம்பி, நான் பஸ்ஸிலை போக வரேல்லை. உங்களோடை நடக்கத்தான் வந்தனான்” என்றார்.

அவருக்கு வயது எழுபத்தாறு.

அப்போதுதான், நாங்கள் அறிந்திருந்தும் பொருட்படுத்தாத ஒரு பழைய செய்தியை அவர் நினைவூட்டினார். 1966 ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், அவர் தம் தந்தை தாயோடும் இரு தமையன்மாரோடும் இதே வழியால் உகந்தைவரை நடந்து வந்தவர். பாணமையிலே தாய்க்குக் காய்ச்சல் கண்டது. மாட்டுவண்டியில் ஏற்றி உகந்தைக்குக் கொண்டுவந்தனர். தாயைப் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும். வீட்டில் ஒரே பெண்பிள்ளை. கேட்க வேண்டியதே இல்லை. தந்தையும் தமையன்மாரும் காட்டுக்குட் சென்றனர். அவர் தாயோடு மரத்தடியில் மூன்று நாள் கிடந்து, வண்டியிற் பொத்துவிலும், பஸ்ஸில் மட்டக்களப்பும், பின் புகைவண்டியும் ஏறி ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார் தந்தை. அடுத்த ஆண்டு திருமணம்; பிறகு பிள்ளைகள்; பிறகு போர்; பிறகு எம் தந்தையாரின் நோய். காட்டை அவர் கண்டது மலைமேலிருந்து மாத்திரமே. ஆனால் குமுக்கன் ஆறு எப்படி இருக்கும் என்பதைத் தந்தை வந்து சொன்னபடி எங்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார்: வெண்மணல், இருகரையும் ஆள் அணைக்க முடியாத மருதமரங்கள், கையாற் கிண்டினாற் சுரக்கும் ஊற்று.

தம்பி கடுமையாக மறுத்தான். “அண்ணை, உங்களுக்கு விசரோ? கரடியும் யானையும் திரியிற காடு. முழங்கால் ஏலாத மனிசி” என்றான். அவன் சொன்னதிற் பிழை ஒன்றுமில்லை. காட்டினுள் ஒருவர் விழுந்தாற் தூக்கிச் செல்வது எளிதன்று. இப்போது சில இடங்களிற் தண்ணீர் பவுசர்களும் மருத்துவ உதவியாளரும் உண்டு எனினும், அவை எந்நேரமும் எவ்விடத்தும் இருப்பனவல்ல. எங்களுக்கும் விடை தோன்றவில்லை. எம் மனைவி மாத்திரம், “மாமி, நீங்கள் கடைசியா எவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?” என்று கேட்டார்.

விடை மகளிடமிருந்து வந்தது. நாங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மறுநாள் தொடக்கம், அப்பாச்சி ஒவ்வொரு விடியலிலும் சந்நிதிக்கு நடந்து போய் நடந்து வந்திருக்கிறார். போக மூன்று மைல், வர மூன்று மைல், செருப்பில்லாமல். “உங்களுக்காக நேர்த்தி வைச்சிருக்கிறா எண்டு நினைச்சம்” என்றாள் மகள். தாயார் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். அவர் பாதங்களை அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். அவையும் எங்கள் பாதங்களைப் போலவே இருந்தன.

பிறகு நிகழ்ந்தது நீண்ட ஆலோசனை. வேற்சாமியிடம் போய்ச் சொன்னோம். அவர் அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். மணலில் நூறு பாகம் நடக்க விட்டார். திரும்பி வந்து ஒளிக்காமற் சொன்னார்: “அம்மாச்சாமி நடப்பா. ஆனால் எங்களோடை நடக்க மாட்டா.” கூட்டம் விடியற்புறம் நான்கு மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பாதித் தூரத்தைக் கடந்து, ஒரே நாளிற் குமுக்கன் ஆற்றை அடையும். அம்மாவுக்கு இரண்டு நாள் வேண்டும். முப்பது பேரின் உணவும் தண்ணீரும் கணக்கிட்டுக் கட்டியாயிற்று. ஒருவருக்காக ஒரு நாளைக் கூட்டுதல் இயலாது. மட்டக்களப்புப் பக்கத்து முதியோர் கூட்டம் ஒன்று மெதுவாக நடக்கவிருக்கிறது. அவர்களோடு வரலாம் என்றார்.

இவ்விடத்தில் வாசகர், ‘அப்படியாயின் நல்லதுதானே’ என்று எண்ணக்கூடும். எங்களுக்கு அது எளிதாயிருக்கவில்லை. ஏழு வாரம் ஒரே பானையில் உண்டவர்களை, நடையின் கடைசி ஆறு நாளுக்கு, அதாவது எந்த ஆறு நாளுக்காக அந்த ஏழு வாரமும் நடந்தோமோ அந்த ஆறு நாளுக்கு, விட்டுப் பிரிய வேண்டும். கதிர்காமத்தில் எல்லோரும் ஒன்றாக நுழைவோம் என்று வெருகலாற்றங்கரையிற் சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள். வீட்டாரைக் கண்ட மகிழ்ச்சிக்கு இப்படியொரு விலை இருக்கும் என்று எவரும் முன்னரே சொல்லித் தரவில்லை. குடும்பம் வந்து சேரும்போது, குடும்பம்போல் ஆனவர்கள் விலகிச் செல்ல நேருகின்றது. இரண்டும் ஒரே மரத்தடியில், ஒரே மாலையில் நடந்தன.

இரவு வெகுநேரம் வரை எம் மனைவி விழித்திருந்தார். நிலவு காலித்துக் கடல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ‘நீ கூட்டத்தோடு போ, அம்மாவோடு ஒருவர் போதும்’ என்று சொல்லிப் பார்த்தோம். அவர் மறுமொழி சொல்லாமற் தம் பையை அவிழ்த்து, அரிசியையும் பருப்பையும் கூட்டத்தாரின் பொதுச்சாக்கிற் கொட்டிவிட்டு வந்தார். மாமிக்குரிய சேலையையும் எண்ணெயையும் வெறுமையான அந்தப் பையில் வைத்துக் கட்டினார். பொதுச்சாக்கு அவ்விரு மூதாட்டிகளின் பங்குக்கும் உரியது என்பதை மறுநாளே அறிந்தோம். மகளும் தன் முடிவைச் சொல்லிவிட்டாள்; அவளும் நடப்பாள். மகன் மாத்திரம் சித்தப்பாவோடு பஸ்ஸிற் போக வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் தாயின் ஊன்றுகோலைக் கேட்டு வாங்கித் தன் பெயரின் முதலெழுத்தை அதிற் கத்தியாற் கீறித் திருப்பிக் கொடுத்தான்.

நான்கு மணிக்குச் சங்கு ஒலித்தது. முப்பது பேரும் எழுந்து, கோயிலை வலம் வந்து, ‘அரோகரா’ என்று குரல் எழுப்பி வனவாயிலை நோக்கிச் சென்றனர். மீனவச் சாமி எங்கள் அருகில் வந்து, இருமல் மருந்துப் போத்தலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களினிடையே மறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு மணிக்கு, முதியோர் கூட்டத்தோடு, பெயர் பதிந்து, நாங்கள் நால்வரும் நுழைந்தோம்.

காட்டைப் பற்றிப் பலர் அச்சமூட்டும் கதைகளையே எழுதுகின்றனர். நாங்கள் கண்டது பெரும்பாலும் வெளிச்சம். குமணப் பகுதியின் பாதை அடர்வனம் வழியாக மாத்திரம் செல்வதில்லை. புல்வெளிகள், உப்புத்தரவைகள், பற்றைகள், நீர்த்தேக்கங்கள் என மாறி மாறிச் செல்கின்றது. வில்லு எனப்படும் சதுப்புநீர்ப் பரப்புகளிற் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் கூட்டமாக நிற்கின்றன. எருமைகள் மூக்கு மாத்திரம் தெரியக் கிடக்கின்றன. பாலையும் வீரையும் மரங்களில் முதன்மையானவை. ஆனி ஆடியிற் பாலை பழுக்கும். அப்பழத்துக்குக் கரடிக்கு உயிர். ஆகவே பழம் உதிர்ந்து கிடக்கும் பாலைமரத்தடியிற் தங்கக் கூடாது என்பதை முதியோர் கூட்டத்தின் தலைவர் முதலிலேயே எச்சரித்தார். யானையை நாங்கள் காணவில்லை, ஆவி பறக்கும் அதன் இலத்தியை இரு முறை கண்டோம், அதுவே போதுமானதாயிருந்தது.

எம் தாயார் நடந்த விதத்தை விரித்துச் சொல்லப் பெருமையாகவே இருக்கின்றது. நாற்பது எட்டு, பிறகு ஒரு நிற்றல். மீண்டும் நாற்பது எட்டு. பேத்தியின் தோளிற் கை வைக்க மறுத்தார். மருமகளின் ஊன்றுகோலை மாத்திரம் ஏற்றுக்கொண்டார். மூன்றாம் மணித்தியாலத்தில் முழங்கால் வீங்கிற்று. மருமகள் எண்ணெய் பூசித் துணி சுற்றினார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் ஒரு வீரைமரத்தடியிற் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து, இருட்டுமுன் நடந்த தூரம் கூட்டத்தார் இரண்டரை மணித்தியாலத்தில் நடந்திருக்கக்கூடிய தூரமே. அன்றிரவு வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, முதியோர் நடுவிலும் வலுவுள்ளோர் சுற்றிலுமாகப் படுத்தோம். தொலைவிற் கடல் ஒலித்தது. மகள் தன் அப்பாச்சியிடம் 1966 ஆம் ஆண்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தாய் அந்த மூன்று நாளும் என்ன உண்டார், தமையன்மார் திரும்பி வந்து யாது சொன்னார்கள், அழுதீர்களா என்று. “அழ நேரமில்லை. அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச வேணும்” என்றார். இவ்வளவு விரிவாக அவர் இதைப் பேசியதை நாங்கள் முன்னர் கேட்டதில்லை. வீட்டில் எங்களுக்குக் கேட்கத் தோன்றியதுமில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், பாதை சரிந்து இறங்கத் தொடங்கியது. காற்றில் ஈரம் வந்தது. முன்னே சென்ற மகள் நின்றுவிட்டாள். அவள் நின்ற இடத்தை அடைந்தபோது மருதமரங்களின் கீழே குமுக்கன் ஆறு முழங்காலளவு நீரோடு கிடந்தது. எம் தாயார் ஊன்றுகோலை ஊன்றி, மேலும் கீழும் நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா சொன்ன மாதிரித்தான்” என்றார். பிறகு, “அவர் இவ்வளவு பெரிசெண்டு சொல்லேல்லை” என்றார்.

ஆற்றை அவர் தம் காலாலேயே கடந்தார். ஒரு பக்கம் பேத்தி, மறுபக்கம் மருமகள். அப்போது மாத்திரம் கையைப் பிடிக்க விட்டார். அக்கரையில், ஒரு மருதமரத்தின் வேர்களுக்கிடையே, முதல்நாட் கூட்டம் சமைத்த அடுப்புக்கற்கள் மூன்றும் கறுத்துக் கிடந்தன. அருகே, மழையோ பனியோ படாதபடி ஓர் உரப்பையால் மூடி, உலர்ந்த விறகு ஒரு கட்டு வைக்கப்பட்டிருந்தது. கட்டின்மேல் ஒரு வெற்று இருமல் மருந்துப் போத்தல், காற்றுக்கு உரப்பை பறந்துவிடாமல் மணல் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது.

எம் மனைவி விறகை அவிழ்த்தார். தாயார் ஆற்றுமணலிற் கையாற் கிண்டி, ஊறிய நீர் தெளியும்வரை பொறுத்திருந்து, தம் செம்பில் அள்ளிக்கொண்டு வந்து உலை வைத்தார்.